பச்சை மை பூசினால் பாட்டு இனிக்குமா?

ஒருவர் கையில் 'சி.டி.' என்னும் குறுந்தகடு இருக்கிறது. அதன் ஓரத்தைச் சுற்றிப் பச்சை மை பூசுகிறார். பிறகு அதைக் கருவியில் போட்டுக் கேட்கிறார்.

"ஆகா! பாட்டு முன்னைவிடத் தெளிவாக இருக்கிறதே!" என்று மகிழ்கிறார்.

இது 1990-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் பரவிய பழக்கம். இதற்கென்றே தனிப் பேனாக்கள் விற்பனைக்கு வந்தன.

பேனாவோடு நின்றதா? இல்லை. தகட்டின் காந்தத்தை நீக்கும் கருவி, ஓரத்தைச் சீவும் கருவி, மேலே தடவும் திரவம் என்று பலவும் வந்தன. ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள கருவியும் உண்டு.

இவற்றால் பாட்டு இனிக்கிறதா? பணம்தான் கரைகிறதா?

தகட்டில் இருப்பது என்ன?

குறுந்தகடு 1982-ம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் அகலம் 12 சென்டிமீட்டர்.

அதில் பாட்டு எண்களாகப் பதிந்திருக்கிறது. ஒலியை ஒரு வினாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். அந்த அளவுகளைக் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகளாகப் பதிக்கிறார்கள். கருவியில் உள்ள லேசர் ஒளி, அந்தக் குழிகளைப் படிக்கிறது.

மளிகைக் கணக்கில் 5 என்று சிவப்பு மையில் எழுதினாலும் 5தான். கறுப்பு மையில் எழுதினாலும் 5தான். குறுந்தகடும் அப்படித்தான். எண் சரியாகப் படிக்கப்பட்டால் போதும். பாட்டு மாறாது.

கீறல் விழுந்தால்?

அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். தகட்டில் சரிபார்க்கும் எண்களும் சேர்ந்தே பதிந்திருக்கின்றன. சுமார் 2½ மில்லிமீட்டர் தூரம் படிக்க முடியாமல் போனாலும், விட்டுப்போன எண்களைக் கருவியே கணக்கிட்டுக் கொள்ளும்.

சேதம் மிக அதிகமானால் பாட்டு துள்ளும், இடையில் நிற்கும்.

காந்தம் எங்கே?

குறுந்தகடு பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கிறது. வீட்டில் உள்ள அலுமினியப் பாத்திரத்தில் காந்தம் ஒட்டுமா? ஒட்டாது. அப்படியானால் தகட்டில் எந்தக் காந்தத்தை நீக்குவது?

பச்சை மை என்ன செய்யும்? சிதறும் லேசர் ஒளியை அது உறிஞ்சிக்கொள்ளும் என்றார்கள். கருவியில் உள்ள லேசரோ கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் மை அதையும் உறிஞ்சும் என்று சொல்ல முடியாது. உறிஞ்சினாலும், படித்த எண் மாறப்போவதில்லை.

காது பொய் சொல்லுமா?

அப்படியானால், கேட்டவர் பொய் சொன்னாரா? இல்லை. பணம் கொடுத்து வாங்கிய மனம், நல்லதை எதிர்பார்க்கிறது. கவனமாகக் கேட்கிறது. முன்பு கவனிக்காதது இப்போது கேட்கிறது. இது எல்லோருக்கும் நேரக்கூடியதே.

உண்மையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே பாட்டுள்ள தகடுகள் இரண்டை எடுத்து, ஒன்றில் மட்டும் மை பூச வேண்டும். கேட்பவர் பார்க்காதபடி, வேறொருவர் காசைச் சுண்டிவிட்டு, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றொன்று என்று போட வேண்டும். எது ஓடுகிறது என்று கேட்பவர் சொல்ல வேண்டும்.

பத்து முறையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல, 1,024-ல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. பத்தில் ஐந்தாறு மட்டும் சரியானால், அது வெறும் ஊகம்.

பலன் தருவது எது?

பழைய கிராமபோன் இசைத்தட்டின் கதை வேறு. அதில் ஊசி நேராகப் பள்ளத்தில் உரசுகிறது. தூசி இருந்தால் 'கரகர' என்று கேட்கும். மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தால் உடனே பலன் தெரியும்.

குறுந்தகட்டில் அழுக்குப் படிந்தால், மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. எழுத்து அச்சிட்ட பக்கத்தில் கீறல் விழாமல் காக்க வேண்டும். அலுமினியப் பூச்சு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இதற்கு வேண்டியது ஒரு துண்டுத் துணி. மிச்சப்படும் பணத்தில் இன்னும் நாலு நல்ல பாட்டு வாங்கலாம்!