கம்பளி சூடு தருகிறதா?

மார்கழி விடியற்காலை. வேப்பூரில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வெப்பமானி 20 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஒரு பருத்திச் சட்டையோடு நான் சுகமாகவே இருந்தேன். எண்பதைத் தாண்டிய என் தாயாரிடம், "குளிருதாம்மா?" என்று கேட்டேன். "இல்லப்பா" என்றார். பாதத்தைத் தொட்டால் சில்லென்றிருந்தது!

அம்மா பொய் சொல்லவில்லை. முதுமையில் குளிரை உணரும் திறனே குறைந்துவிடுகிறது. நடுக்கம் என்பது தசைகள் தாமாகவே இயங்கி வெப்பம் உண்டாக்கும் ஏற்பாடு. தசை மெலிந்தவர்களுக்கு அதுவும் குறைவுதான். உடலின் உள்வெப்பநிலை சுமார் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பேச்சுக் குழறும், தூக்கக் கலக்கம் வரும். உடனே மருத்துவரிடம் போகவேண்டும். ஆகையால் உங்கள் பாட்டியையோ தாத்தாவையோ கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஆடைக்குள் கைவிட்டு வயிற்றையும் தொட்டுப் பாருங்கள்.

சரி, கம்பளி போர்த்தினால் சூடு வருகிறதே, கம்பளியா சூடு தருகிறது? இரண்டு பனிக்கட்டித் துண்டுகளை எடுத்து ஒன்றை மட்டும் கம்பளியில் சுற்றி வையுங்கள். எது முதலில் உருகுகிறது? சுற்றாததுதான்! கம்பளி சூடு தருவதில்லை. வெப்பத்தின் போக்குவரத்தைத் தடுக்கிறது. அந்த வேலையைச் செய்வது கூடக் கம்பளி இழை அன்று, இழைகளுக்கிடையே சிக்கி அசையாதிருக்கும் காற்று.

எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. சூளைகளில் வெப்பம் வெளியேறாதிருக்க ஒருவகை இலேசான செங்கல் பயன்படுகிறது. களிமண்ணோடு மரத்தூள் போன்ற எரிபொருளைக் கலந்து சுட்டால், தூள் எரிந்துபோய்ச் சிறு துளைகள் மிஞ்சும். துளை நிறையக் காற்று. ஆயிரம் டிகிரிச் சூளைக்கும் என் தாயாரின் ஸ்வெட்டருக்கும் ஒரே தத்துவந்தான்!

இனி அம்மாவுக்கு உடுத்துவோம். தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் இரண்டு மூன்று மேல். இடையிடையே காற்று தங்கும். இறுக்கமாக இருக்கக்கூடாது, காற்றும் நசுங்கும், இரத்த ஓட்டமும் தடைப்படும். ஈரம் அறவே கூடாது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 23 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. மேலே இரண்டு போர்வை போர்த்திவிட்டு, சிமெண்டுத் தரையில் வெறும் பாயில் படுக்கவைப்பதும் வீண். வெப்பம் தரைவழியே போய்விடும். பாயின்கீழ் சாக்கையும், மேலே மடித்த ஜமுக்காளத்தையும் விரியுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்! கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும்.

அம்மாவுக்கு இடக்கை சற்றுத் தளர்ந்தது. முதல்நாள் ஸ்வெட்டரில் வலக்கையை முதலில் நுழைத்துவிட்டு, இடக்கையை வளைக்கமுடியாமல் திண்டாடினேன். இயற்பியல் வாத்தியாருக்கு இது தெரியவில்லை! தளர்ந்த கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டராக இருந்தால் இருவருக்கும் எளிது. பிறகு காதை மூடி மஃப்ளர், காலுக்குத் தளர்வான உறை.

அரைமணி கழித்துப் பாதத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"இப்பத்தாம்பா குளிரு விட்டுது" என்றார் அம்மா.