இயற்பியல் வகுப்பில் இவர்களுக்கு என்ன வேலை?

2015 டிசம்பர் 9. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழக வழக்கு விசாரணைக்கு வந்தது. மாணவர் சேர்க்கையில் இனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் வழக்கு. நம்மைப் போல இத்தனை விழுக்காடு என்று ஒதுக்கும் முறை அங்கே கிடையாது. ஆனால் சண்டை நாம் அறிந்த சண்டைதான். அன்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் கேட்டார்: இயற்பியல் வகுப்புக்குள் ஒரு சிறுபான்மை மாணவர் வருவதால் என்ன தனிப் பார்வை வந்துவிடப் போகிறது? இன்னொரு நீதிபதி அன்டனின் ஸ்காலியா, கறுப்பின மாணவர்கள் பெரிய பல்கலைக்கழகங்களில் திணறுவதைவிட, பாடம் மெதுவாக நடக்கும் கல்லூரிகளில் படிப்பதே அவர்களுக்கு நல்லது என்று சிலர் வாதிடுவதாகச் சொன்னார்.

சிலர் வாதிடுகிறார்களாம். இந்தச் ‘சிலரை’ நமக்கும் தெரியும். தகுதி, திறமை என்று பேச்செடுக்கும் இடமெல்லாம் அவர்கள் வருவார்கள்.

ஒரு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ராபர்ட்ஸுக்கு ஒரு பதில் வெளியானது. எழுதியவர் ஜெடிடா ஐஸ்லர் என்ற கறுப்பினப் பெண். வானியற்பியலாளர். கறுப்பின மாணவர்கள் வகுப்புக்கு வருவது வெள்ளை மாணவர்களின் படிப்புக்குச் சுவை கூட்டும் மசாலாவாக அல்ல, மற்றவர்களைப் போல இயற்பியல் படிக்கத்தான் வருகிறார்கள் என்பது அவர் வாதம். எங்களால் உங்களுக்கு என்ன பயன் என்ற கேள்வியே தப்பு என்றார்.

அவர் படித்த இயற்பியல் என்ன என்று பார்த்துவிடுவோம். இவர்களைப் பற்றி எழுதும்போது பட்ட பாட்டை மட்டும் எழுதிவிட்டு, செய்த வேலையை விட்டுவிடுவது நம் பக்கத்திலும் நடக்கிற தவறு.

நாம் இருக்கும் பால்வெளி போன்ற பெரிய விண்மீன் திரள்களில் அநேகமாக ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கிறது. நம் பால்வெளியின் நடுவில் இருப்பது சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு நிறை கொண்டது. 2019இல் முதன்முதலாகப் படம் பிடித்துக் காட்டினார்களே, எம்87 என்ற திரளின் கருந்துளை, அது சுமார் 650 கோடி மடங்கு. பெரும்பாலான கருந்துளைகள் பசித்த வயிறோடு சும்மா கிடக்கின்றன. சிலவற்றுக்கு மட்டும் தீனி ஏராளமாகக் கிடைக்கிறது. சுற்றியுள்ள வாயுவும் தூசும் நேராக உள்ளே விழுவதில்லை. களத்தில் பிணையல் மாடு சுற்றுவது போலச் சுற்றிச் சுற்றி, ஒரு வட்டத் தட்டாகப் பரவி, உரசி, சூடேறி, அதன் பிறகே விழுகின்றன. அந்தச் சூட்டில் எழும் வெளிச்சம் அந்தத் திரளின் விண்மீன்கள் அத்தனையையும் மங்கவைத்துவிடும். இப்படிப்பட்டவற்றைத்தான் உயிர்ப்புள்ள விண்மீன் திரள்கள் என்கிறார்கள்.

அவற்றிலும் சில, விழுவதில் ஒரு பங்கை இரண்டு தாரைகளாக மேலும் கீழும் பீய்ச்சி அடிக்கின்றன. ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகம். தாரைகளில் ஒன்று தற்செயலாக நம்மை நோக்கி இருந்தால் அதற்குப் பிளேசார் என்று பெயர். ராத்திரி ரோட்டில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்கிற மாதிரி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதே லாரி அவ்வளவு கூசாது.

ஐஸ்லர் ஆராய்ந்தது இந்தப் பிளேசார்களை. தட்டுக்கும் தாரைக்கும் என்ன தொடர்பு, காமா கதிர்கள் தாரையின் எந்த இடத்தில் பிறக்கின்றன என்பவை அவர் கேள்விகள். 3சி 454.3 என்றொரு பிளேசார், 700 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. அதன் ஒளி கிளம்பியபோது நம் பூமியே உருவாகவில்லை. 2010 நவம்பரில் அது காமா கதிர்களில் பெரிதாக வெடித்து ஒளிர்ந்தது. நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோள் அதைப் பதிவு செய்தது. சிலி நாட்டு மலைமேல் உள்ள தொலைநோக்கிகளால் அதன் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஐஸ்லர் இருந்த குழு. கருந்துளைக்கு அருகே சுழலும் வாயு மேகங்களிலிருந்து வரும் நிறமாலைக் கோடுகளும் அதே சமயத்தில் பிரகாசமடைந்திருந்தன. அப்படியானால் காமா கதிர்களில் ஒரு பகுதியாவது அந்த மேகங்கள் இருக்கும் பகுதிக்குள்ளேயே பிறந்திருக்க வேண்டும், தொலைவில் அல்ல. ஐஸ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் இதை வெளியிட்டார்கள்.

ஸ்காலியா சொன்ன கல்லூரிகளுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. ஐஸ்லர் இளங்கலை படித்தது கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட நார்ஃபோக் மாநிலப் பல்கலைக்கழகத்தில். முதுகலை, இன்னொரு கறுப்பினப் பல்கலைக்கழகமான ஃபிஸ்க்கில். அங்கிருந்து முனைவர் படிப்புக்குக் கைபிடித்து ஏற்றிவிட ஃபிஸ்க்கும் வாண்டர்பில்ட்டும் சேர்ந்து ‘பாலம்’ என்றே ஒரு திட்டம் நடத்தின. அதன் வழியாக வந்தவர் 2014இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 300 வருஷம் தாண்டிய அந்தப் பல்கலைக்கழகத்தில் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். சிறந்த ஆய்வேட்டுக்கான அமெரிக்க வானியல் சங்கத்தின் பரிசும் கிடைத்தது. மெதுவாக நடக்கும் கல்லூரியாம்!

மாணவியாக இருந்தபோது நடந்த ஒன்றை ஐஸ்லர் மேடையில் சொல்லியிருக்கிறார். சக மாணவர் ஒருவர் விளையாட்டுப் போல, சாப்பிட்ட தட்டுகளை எடுத்துவிட்டுச் சுத்தமான தட்டுகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு மேகநாத் சாகா நினைவுக்கு வந்தார். விண்மீன்களின் நிறமாலைக் கோடுகளைப் படித்து அவற்றின் வெப்பத்தைச் சொல்ல 1920இல் உலகுக்கு வழிகாட்டியவர். கல்கத்தாவில் அவர் படித்த காலத்தில் விடுதியின் உயர்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள்.

2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் கொள்ளும் சேர்க்கை முறையைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அதே ராபர்ட்ஸ்.

போன மாதம் எங்கள் காலனி மாலை வகுப்பில் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். தட்டு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். பிள்ளைகள் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் கையைத் தூக்கினாள்.

“அண்ணா, அந்தத் தாரை நம்மளப் பாத்துதான அடிக்குது? நம்மள ஏன் சுடல?”

தூரம் ஒரு காரணம் என்றேன். மிஞ்சி வந்து சேரும் காமா கதிர்களையும் நம் காற்று மண்டலம் தடுத்துவிடும். தரைவரை வராது. அதனால்தான் அதைப் பிடிக்க ஃபெர்மியை 500 கிலோமீட்டருக்கும் மேலே அனுப்பியிருக்கிறார்கள்.

“அப்ப காத்து இல்லாத நிலாவுல நின்னா?” என்றாள்.