கோடை விடுமுறையில் கல்லூரிக் கால்பந்து முகாம்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளர்கள், மாணவர்கள் ஊர் திரும்பிவிடும் கோடை விடுமுறையில், அதே ஆடுகளங்களில் பள்ளி வயது ஆட்டக்காரர்களுக்குக் கட்டண முகாம்களை நடத்துகின்றனர். இவற்றுள் 'ஐடி கேம்ப்' எனப்படுவது, கற்பிப்பதைவிடத் திறமையாளரை இனங்காண்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டது. பந்து காலில் இல்லாதபோது ஒருவர் எங்கே நகர்கிறார் என்பதுகூட அங்கே கவனிக்கப்படும். கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, வயது, வகுப்பு, பாலினம், எண்ணிக்கை ஆகிய வரம்புகளுக்கு உட்பட்டு முகாம் எவருக்கும் திறந்திருக்க வேண்டும். உயர்மட்டமான முதல் பிரிவின் பயிற்சியாளர்களோ, மாணவர் பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15-க்கு முன் அணிச் சேர்க்கை பற்றி அவரிடம் பேசலாகாது. ஆகவே, முகாமுக்கான அழைப்புக் கடிதம் வந்ததாலேயே அணியில் இடம் உறுதியென்று பெற்றோர் மகிழ்வது பெரும்பாலும் அவசரமே. அக்கடிதம் பலருக்கும் ஒரேபோல் அனுப்பப்படுவதுண்டு, முகாம் வருவாயோ துணைப் பயிற்சியாளர்களின் ஊதியத்துக்குக் கைகொடுப்பதுமுண்டு.