கூடி வாழும் மீன்களும் கண்ணாடித் தொட்டியும்

கடையில் செக்கச் செவேலென்றிருந்த மீனொன்று, வீட்டுத் தொட்டியில் தனித்து விடப்பட்டதும் நிறம் மங்கி மூலையில் ஒதுங்குவதுண்டு. நோயென்று கருதி மருந்திடுவோர் பலர். அதற்கு வேண்டுவது பெரும்பாலும் மருந்தன்று; தன் இனத்தின் துணையே.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'செரி பார்ப்' என்னும் சிறு மீன். இலங்கையின் தென்மேற்கில், களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள பகுதியின் நிழல் படர்ந்த ஓடைகளே இதன் தாயகம். 1929ஆம் ஆண்டில் தெரணியகல என்னும் அறிஞர் இதனை அறிவியலுலகிற்கு விவரித்தார். இது ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நீளமே வளரும். பெண் மீன்களைக் கவரவும் பிற ஆண்களுக்குத் தன் வலிமையைக் காட்டவுமே ஆண்மீன் சிவப்பேறுகிறது. காண்போர் எவருமில்லாவிடத்து அந்நிறத்திற்கு வேலையில்லை. ஆகவே, எட்டு மீன்களையேனும் ஒருங்கே வளர்த்தல் நன்று. ஓர் ஆணுக்கு இரு பெண் என்ற அளவிருப்பின், ஆணின் துரத்தலால் ஒரு பெண்மீனே அல்லற்படாது.

இக்கூட்டத்திற்கு 60 சென்ரிமீற்றர் நீளமும், 30 சென்ரிமீற்றர் அகலமும், அதேயளவு உயரமும் உடைய தொட்டி பொருந்தும். அதன் கொள்ளளவு 54 லீற்றர். அதாவது ஏறக்குறைய 12 கலன். உயர்ந்து குறுகிய தொட்டியினும் நீண்டு அகன்ற தொட்டியே மேலானது. ஏனெனில், ஒட்சிசன் நீரின் மேற்பரப்பு வழியாகவே உட்கலக்கிறது.

மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் கண்ணுக்குப் புலனாகாத நஞ்சு உண்டாகிறது. சிறிய தொட்டியில் அது விரைவிற் செறிந்துவிடும். அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். ஆதலின், புதுத் தொட்டியை ஒரே நாளில் நிரப்புதல் தவறு. சிறிது சிறிதாக மீன்களைச் சேர்த்து, வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும்.

அயல் இனங்களைச் சேர்க்கும்போது பருமனும் குணமும் ஒத்திருத்தல் அவசியம். அமைதியான ரஸ்போரா மீன்கள் ஏற்ற தோழர்கள். பெரிதாக வளரும் பொன்மீன் குளிர்ந்த நீரை விரும்புவது. அது இங்கு பொருந்தாது. வரிகளையுடைய 'டைகர் பார்ப்' பிற மீன்களின் நீண்ட செட்டைகளைக் கடிக்கும் இயல்புடையது.

ஓடைகளிலே பிடிக்கப்பட்டவற்றை விடுத்து, பண்ணைகளிற் பெருக்கப்பட்டவற்றையே வாங்குதல் முறை. வேறெந்த நாட்டிற்கும் உரித்தல்லாத இம்மீன், வீட்டுத் தொட்டியில் அழகு செய்வதற்காகத் தன் சொந்த ஓடையில் அருகிப்போதல் ஆகாது.