ஆட்டுக்காலும் ஏற்காட்டுக் குளிரும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடிவந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அதே சட்டி, அதே விறகு. ஆனால் கீழே வெந்த நேரத்தில் இங்கே ஆட்டுக்கால் வேகவில்லையே, ஏன்?"

மலைதான் காரணம் அம்மா. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் ஆவிதான் கூடும், சூடு ஏறாது. நேரத்தைக் கூட்டுங்கள், இல்லையேல் குக்கரில் வையுங்கள். குக்கரின் மூதாதையே எலும்புக்காகப் பிறந்ததுதான். எலும்பையும் மெத்தென்று ஆக்கும் மூடுகலத்தை டெனி பாப்பின் 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார்.

எலும்புச் சாறெல்லாம் ஒன்றல்ல. நெஞ்செலும்பு சூப்பில் கறியின் ருசியும் கொழுப்பும் இறங்கும். நல்லி எலும்பு மஜ்ஜையைத் தரும். ஆட்டுக்காலில் கறியே கிடையாது. தோலும் தசைநாரும் மூட்டு ஜவ்வும்தான். ஆனாலும் குடித்தபின் உதட்டில் ஒட்டுவது அந்தச் சாறுதான். தேங்காய் அரைத்து ஊற்றினால் பாயா.

அந்த ஒட்டலில்தான் எனக்கு மயக்கம். தசைநாரில் இருக்கும் கொலாஜன், மூன்று புரியாக முறுக்கிய புரதம். சிறுவயதில் தங்கைக்குச் சடை பின்னிவிடுவேன்; மாலைக்குள் அவிழ்த்துக்கொண்டு வந்து நிற்பாள். சூடும் அப்படித்தான், மெல்ல மெல்லப் புரிகளை அவிழ்க்கிறது. அவிழ்ந்ததே ஜெலட்டின். ஆறும்போது இழைகள் மறுபடி பின்னிக்கொள்ளப் பார்க்கும்; பழைய ஒழுங்கு வராது. அரைகுறைப் பின்னலுக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்ள, சாறு கட்டியாக உறைகிறது.

இதை அறியாமல் சோளமாவு கரைத்துக் கெட்டியாக்குவது வருத்தம் தருகிறது. மாவு கெட்டியைத் தரும். உதட்டில் ஒட்டும் அந்தப் பசையைத் தராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலும்பு முறிந்தவருக்கு இந்தச் சாற்றையே மருந்தாகக் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். எலும்பின் கால்சியம் சாற்றில் இறங்குவது சொற்பம். ஜெலட்டினும் முழுமையான புரதமல்ல. டிரிப்டோபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் அதில் இல்லை. சூப்போடு முட்டையும் பாலும் கேழ்வரகும் கொடுங்கள். வைத்தியரிடமும் காட்டுங்கள்.

உங்கள் மலையில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறும் மிளகை இடித்துப் போடுங்கள். சிறுதீயில் விட்டுவிடுங்கள். இரவில் ஒரு கரண்டிச் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி ஜன்னலோரம் மூடி வையுங்கள். சேலத்தில் இதற்கு ஃபிரிட்ஜ் வேண்டும். மார்கழியில் உங்களுக்கு வேண்டாம். விடிந்ததும் கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள். சிந்தாமல் நடுங்கி நின்றால், ஆட்டுக்கால் பதமாக வெந்திருக்கிறது.