மருத்துவருக்கே மருந்து அடிமைத்தனம் வந்தால்?

"டீச்சர், டாக்டரே போதைக்கு அடிமையாயிட்டா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?" கிள்ளானில் நான்காம் படிவ வகுப்பில் போதைப்பொருள் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள். மருந்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்கு அடிமைத்தனம் வருமா என்று பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

வரும், மாணவர்களே. 1884-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், கொக்கேய்ன் உடலை எப்படி மரத்துப்போகச் செய்கிறது என்று தம்மீதே ஊசி போட்டுச் சோதித்தார், அடிமையானார். சிகிச்சையில் மார்ஃபின் கொடுத்தார்கள்; அதற்கும் அடிமையானார். அறுவை அறைக்கு ரப்பர் கையுறையைக் கொண்டுவந்த அந்த மேதை, தம் நோயைப் பல ஆண்டுகள் மறைத்தே வாழ்ந்தார்.

காரணம் மூளையில் இருக்கிறது. போதைப்பொருள் டோபமின் என்னும் வேதிப்பொருளை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும். அதற்குப் பழகிய மூளை, டோபமினை உணரும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். நேற்றுப் போதுமாக இருந்த அளவு இன்று போதாது. பட்டப்படிப்பு இதைத் தடுக்காது. இரவுப்பணி, தூக்கமின்மை, கைக்கெட்டும் தூரத்தில் மருந்து என்று மருத்துவருக்குக் கூடுதல் ஆபத்துகளும் உண்டு.

வேலை போய்விடும் என்று பயந்தால் மருத்துவர் நோயை மறைப்பார். அப்போது ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, அவரிடம் வரும் நோயாளிக்கும்தான். அதனால் அமெரிக்க மாநிலங்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தன. மருத்துவர் முதலில் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சிகிச்சை பெறுவார். தேறியதும் மேற்பார்வையோடு பணிக்குத் திரும்புவார். அதன்பின் பெரும்பாலும் ஐந்தாண்டுக் கண்காணிப்பு.

இங்கேதான் அறிவியல் உதவுகிறது. குடித்த மது சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ஆனால் அதில் சிறு பகுதியைக் கல்லீரல் எத்தில் குளுக்குரோனைடு என்னும் பொருளாக மாற்றும். அதைச் சிறுநீரில் இரண்டு, மூன்று நாள்கள் வரைகூடக் கண்டுபிடிக்கலாம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செண்டிமீட்டர் வளர்வதால், 3 செண்டிமீட்டர் முடி ஏறக்குறைய மூன்று மாதக் கதையைச் சொல்லும். சோதனை நாளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பார்கள்.

பலன் கிடைத்ததா? 16 மாநிலத் திட்டங்களில் சேர்ந்த 904 மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு 2008-இல் வெளியானது. முடிவு தெரிந்த 802 பேரில் 631 பேர், அதாவது சுமார் 79 விழுக்காட்டினர், ஐந்தாண்டுக்குப் பின் உரிமத்தோடு பணியில் இருந்தார்கள். நல்ல சிகிச்சையும், காப்பாற்றிக்கொள்ள ஒரு வேலையும் அவர்களுக்கு இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. அதே 2008-இல் லண்டனிலும் மருத்துவர்களுக்கென இரகசியம் காக்கும் சிகிச்சைச் சேவை தொடங்கியது.

நம் நாட்டில் மருத்துவர்களைப் பதிவு செய்வது மலேசிய மருத்துவ மன்றம். ஒருவரின் உடல்நலமும் மனநலமும் பணிக்குத் தகுதியாக உள்ளனவா என்று ஆராயும் குழுவும் அதன்கீழ் இருக்கிறது.

ஆகவே மாணவியின் கேள்விக்கு என் பதில்: முதலில் சிகிச்சை, பிறகு சோதனை, அதன்பின் நம்பிக்கை. மனம் சோர்ந்தால் உதவி கேட்பது மருத்துவருக்கே அவமானம் இல்லை என்றால், நமக்கு மட்டும் எப்படி அவமானமாகும்? நம் நாட்டின் ஹீல் மனநல உதவி எண் 15555.

சிந்திக்க: சோதனை நாளை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் என்ன நடக்கும்?