உங்களுக்குத் தெரியுமா? வேலையும் பராமரிப்பும் தரும் பண்ணைகள்

● விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குச் சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் உண்டு. பள்ளி வயது முடிந்ததும் பலர் வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். பராமரிப்புப் பண்ணை அவர்களுக்கானது. காலையில் வந்து, தோட்ட வேலை செய்து, மாலையில் வீடு திரும்பலாம்.

● நெதர்லாந்தில் இத்தகைய பண்ணைகள் ஆயிரத்துக்கும் மேல். பலவற்றை விவசாயக் குடும்பங்களே நடத்துகின்றன.

● வியன்னாவிலிருந்து அகதியாக வந்த மருத்துவர் கார்ல் கோனிக், ஸ்கொட்லாந்தில் 1940இல் கேம்ப்ஹில் இயக்கத்துக்கு வித்திட்டார். விசேட தேவையுடையோர் வாழ்ந்து வேலை செய்யும் அதன் கிராமங்கள் இன்று பல நாடுகளில் உள்ளன.

● தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் 2013இல் ஜி. கார்த்திகேயன் தொடங்கிய 'சிருஷ்டி' அமைப்பின் கிராமத்தில், அறிவுசார் குறைபாடுள்ள வளர்ந்தோர் இயற்கை விவசாயம் செய்கிறார்கள்.

● அளவு சொன்னால் புரியாதவருக்கு முழ இடைவெளியில் முடிச்சிட்ட கயிறு போதும். முடிச்சுக்கு ஒரு மிளகாய்க் கன்று நட்டால் வரிசை பிசகாது.

● கச்சான் ஆய்தல், மிளகாய் பிடுங்கல், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தல் என வன்னித் தோட்டங்களில் சிறு சிறு வேலைகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றையும் படிப்படியாகப் பழக்கலாம்.

● மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. வேலை செய்யும் உரிமையும் அதில் அடங்கும். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பேசுங்கள்.